மூச்சுப் பை

தாடை குளிரத் தொடங்கியிருந்தது. மின்விசிறிக் காற்றாகக்கூட இருக்கலாம் என்று தங்கபுஷ்பம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன கையோடு தன்னையே ஏளனமாகப் பார்த்துக்கொண்டாள். முப்பது வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறவளின் விரலுக்கு, வெளியிலிருந்து ஏறுகிற குளிர் எது, உள்ளேயிருந்து ஊறுகிற குளிர் எது என்று தெரியாதா. தெரியும். தெரிந்துதான் இரண்டு கைகளாலும் அந்தத் தாடையைத் தூக்கிப் பிடித்து, மூக்கையும் வாயையும் மூடிய ரப்பர் முகமூடியைக் காற்றுக் கசியாமல் அழுத்திக்கொண்டு நின்றாள். செத்தவனுக்குக் காற்றுக் கசிந்தால் என்ன, கசியாவிட்டால் என்ன. ஆனாலும் வேலை என்று வந்துவிட்டால் கை அதன் ஒழுங்கை விடமாட்டேன் என்கிறது, மனசுதான் கண்ட இடத்தில் மேய்கிறது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அந்த ஆளின் மனைவி, சுடலைவடிவு என்று பெயர் சொன்னாள், முகமூடியோடு இணைந்த பப்பாளிப்பழ அளவு ரப்பர் பையை இரண்டு கையாலும் அழுத்தினாள், விட்டாள், அழுத்தினாள், விட்டாள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் புருஷன் கோமதிநாயகத்தின் நெஞ்சு மேலே எழும்பிற்று, விட்டதும் இறங்கிற்று. "பாருங்க சிஸ்டர், ஏறுது பாருங்க. முன்னைக்கு இப்ப நல்லா ஏறுது." ஏறுகிறதுதான். சைக்கிள் டியூபில் காற்றடித்தாலும் ஏறும். அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே தங்கபுஷ்பம், "ஆமாம்மா, ஒரே சீரா அழுத்துங்க" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாக்கைக் கடித்து என்ன செய்ய, அது சொல்லியாகிவிட்டது. அந்த ஆளின் தலைமுடியில் அரிசி மாவு படிந்திருந்தது. எது மாவு, எது நரை என்று தெரியவில்லை. மாவு மில் வைத்திருக்கிறவன். மில்லுக்குள் விழுந்தவனை ஆட்டோவில் மடக்கிப் போட்டு, ஊர் பாதியைத் தாண்டிக் கொண்டுவந்து இறக்கினபோதே எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் நவநீதன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், இ.சி.ஜி. எடுத்தார், பட்டையில் கோடு நேராக, இஸ்திரி போட்டமாதிரி வந்தது. டாக்டருக்கு வயசு இருபத்தேழு இருக்குமா. வாசலை எட்டிப் பார்த்தார். மில்லுக்கு மாவரைக்க வந்தவர்கள், தெருக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், எல்லாருக்கும் முன்னால் சுடலைவடிவின் தம்பி மந்திரம், சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு. "சிஸ்டர், போன மாசம் கண்ணாடிய உடைச்சாங்க. இப்ப சொன்னா என்னையே உடைப்பாங்க. அவுட்போஸ்ட்டுக்கு போன் போடறேன், போலீஸ் வந்ததும் சொல்லிக்கலாம். அதுவரைக்கும் ட்ரீட்மென்ட் போற மாதிரி ஏதாவது பண்ணிட்டிருங்க" என்று காதோரம் சொல்லிவிட்டு வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போனார், போனவர் போனவர்தான்.

போற மாதிரி. அந்த மாதிரியில் ஒன்றும் புதுமையில்லை. செத்து வருகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆக்சிஜன் வைப்பது இந்த வார்டில் ஒரு மரியாதை. கூட வந்தவர்கள் மெல்ல மெல்லத் தயாராகட்டும், ஒரு சொல்லில் தலையில் போட வேண்டாம் என்பது. அதை யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. எல்லா ஊரிலும் எல்லா நர்சும் செய்கிறார்கள். அதுவரைக்கும் அவள் செய்தது தப்பில்லை. தப்பு அதற்கு அப்புறம்தான். சுடலைவடிவு கட்டில் கம்பியில் நெற்றியை மோதிக்கொண்டு கத்தினாள், நெற்றி புடைத்துவிட்டது, இன்னொரு மோதலில் உடைந்திருக்கும். தங்கபுஷ்பம் யோசிக்கவே இல்லை, வழக்கமாகச் செய்கிறதைச் செய்தாள். அழுது புரளுகிறவர்கள் கையில் ஏதாவது ஒன்றைப் பிடிக்கக் கொடுப்பது அவளுடைய வழக்கம். ஸ்டாண்டு இல்லாத காலத்தில் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் பழகியது, ஸ்டாண்டு வந்த பிறகும் விடவில்லை. கையில் ஒரு பொறுப்பு வந்துவிட்டால் வாய் அடங்கிவிடும். பிரசவத்தில் மகளைப் பறிகொடுக்கப் போகிற தகப்பன்கூட, "பாட்டில ஆட்டாம பிடிங்கய்யா" என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். போன மாதம் மாடியில் நடந்த பயிற்சி வகுப்பில் சென்னையிலிருந்து வந்த அம்மாள், "நோயாளியிடம் கனிவாக நடப்பது எப்படி" என்று படம் போட்டு விளக்கிவிட்டு, உங்கள் அனுபவம் சொல்லுங்கள் என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் தங்கபுஷ்பம் இதைச் சொல்லப்போக, அந்த அம்மாள் கைதட்டி, இதற்கு ஆற்றுப்படுத்தல் என்று ஒரு பெயரும் வைத்தார். பரிசு வாங்கி வந்தவன் வாங்காதவனுக்கு வழிசொல்லி அனுப்புவதற்கு ஒரு காலத்தில் வைத்த பெயர். இப்போது அழுகிறவர்களை வாய்மூட வைப்பதற்கு. இரக்கம், பரிவு, அளி, அருள், கனிவு, தண்ணளி என்று இந்த ஒரு விஷயத்துக்குத் தமிழில் கூடை கூடையாகச் சொல் கிடக்கிறது. ஆள்தான் ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர், அதில் ஒருத்தி இன்றைக்கு லீவு. பெட்டுக்கு மேலே சுவரில் அந்த வகுப்பின் நினைவாக ஒட்டிய போஸ்டரில் ஒரு வெள்ளைக்கார நர்ஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல பல். அவள் எந்தப் பிணத்துக்கும் முகமூடி பிடித்திருக்கமாட்டாள். தங்கபுஷ்பம் பையைச் சுடலைவடிவின் கையில் கொடுத்து, "கத்தாதீங்கம்மா, இதைப் பிடிங்க, இப்படி அழுத்துங்க, விடுங்க. நல்லா அழுத்துங்க. காத்து உள்ள போகுது பாருங்க" என்று சொன்னாள். அவ்வளவுதான். கத்தல் நின்றது. ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது, வெட்கங்கெட்ட நிம்மதி. அப்புறம்தான் நெஞ்சு ஏறுவதைப் பார்த்தாள். அதைப் பார்க்கிற அந்தப் பெண்ணின் முகத்தையும் பார்த்தாள். பாட்டிலைப் பிடிக்கிறவனுக்குத் தான் பாட்டில் பிடிக்கிறோம் என்று தெரியும். இவள் பிடித்திருப்பது பையை என்று இவளுக்குத் தெரியாது. புருஷனின் உயிரைப் பிடித்திருக்கிறாள்.

இனி எப்படி நிறுத்தச் சொல்வது. நிறுத்துங்கள் என்றால் நிறுத்திய கை யாருடையது. அதைத்தான் மனசு செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது, சுற்றின இடத்திலேயே நின்று ஈ ஓட்டிற்று. இதற்குள் சுடலைவடிவு தன் போக்கில் பேசிக்கொண்டிருந்தாள், பாதி நர்சிடம், பாதி புருஷனிடம். "கை வலிக்குதாம்மா?" என்று தங்கபுஷ்பம் கேட்டாள். "எனக்கா? மில்லுக்காரி கைய்யி சிஸ்டர் இது. பெல்ட் அறுந்த அன்னைக்கு இந்தக் கையால ஆட்டி எடுத்திருக்கேன். ஏங்க, கேக்கா? மோட்டார அமத்தாம வந்துட்டோம். அது ஓடிக்கிட்டுக் கெடக்கும் வெறுமனே. கரண்டு பில்ல நீங்கதான் கெட்டணும் பாத்துக்கிடுங்க." அழுத்தினாள், விட்டாள். "இவரு இப்பிடித்தான் சிஸ்டர், கூப்புட்டா ஒரு வாட்டில ஏன்னு கேக்க மாட்டாரு. நாலு தடவ கூப்புடணும். காது நல்லாத்தான் கேக்கும், கொழுப்பு." தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு முட்டியது, அடுத்த கணம் தொண்டையில் ஏதோ அடைத்தது, அது அழுகையில்லை, காலையில் அவசரத்தில் விழுங்கிய இட்லியாகத்தான் இருக்கும் என்று தள்ளிவிட்டாள். அந்த ஆளின் வயிறு உப்பிக்கொண்டு வந்தது. காற்று எங்கெங்கோ போகிறது. அதைப் பார்த்தும் அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம், வயித்துக்கும் மூச்சு வந்துட்டு என்றாள். வாசலில் மந்திரம் தலையை நீட்டி, "யக்கா, எப்பிடி இருக்காவ மச்சான்?" என்று கேட்டான். "ஏறுதுல, நல்லா ஏறுது. நீ போயி கோமதியம்மாளுக்குக் காசு முடிஞ்சு வையி" என்றாள். பின்னால் கூட்டத்தில் யாரோ, ஏறுதாம், ஏறுதாம் என்று சொல்ல, அது வாய்க்கு வாய் வராந்தா முழுக்க ஓடிப்போய்ப் படிக்கட்டில் இறங்கிற்று. தங்கபுஷ்பத்துக்கு முதுகுத்தண்டில் வேர்த்தது. பொய் அவள் கையைவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டது; டீக்கடையில் உட்கார்ந்து டீ குடிக்கும் இனிமேல். அப்போதுதான் சுடலைவடிவு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்லட்டுமா சிஸ்டர், யார்ட்டயும் சொல்லப்பிடாது. காலையில சண்ட. ஒண்ணுமில்லாத சண்ட. சல்லடைய எங்க வச்சீருன்னு கேட்டேன், ஒனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சான்னாரு. எனக்குக் கோவம் வந்துட்டு. எங்கயாச்சும் போயிச் செத்துத் தொலையும்யான்னுட்டேன். ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்ல. அவரும் ஒண்ணுஞ்சொல்லல, சட்டையப் போட்டுக்கிட்டு மில்லுக்குப் போயிட்டாரு." அழுத்தினாள். விட்டாள். "அந்த வார்த்தைய எடுத்துருவேன் சிஸ்டர். கண்ண மட்டும் முழிக்கட்டும், காலப் புடிச்சுச் சொல்லிருவேன். எடுத்துறலாம்லா?" "எடுத்துடலாம்மா" என்றாள் தங்கபுஷ்பம். வேறு என்ன சொல்வாள். சல்லடை கிடைத்ததா என்று கேட்கத் தோன்றியது, நல்லவேளை கேட்கவில்லை.

செத்துத் தொலையும். இந்த ஊரில் அதைச் சொல்லாத பெண்டாட்டி யார். சொல்லுகிறவளும் அதை நினைத்துச் சொல்வதில்லை, கேட்கிறவனும் நினைத்துக் கேட்பதில்லை. உப்புப் போடுகிற மாதிரி பேச்சுக்கு நடுவே விழுவது. தங்கபுஷ்பமும் காலையில் சொன்னாள். இல்லை, இவள் நினைத்துச் சொன்னாள், அங்கேதான் வித்தியாசம். அவள் புருஷன் தேவசகாயத்துக்கு ஒரு பக்கம் விழுந்து நாலாவது வருஷம். கண்டக்டராக இருந்தவர், குரலெடுத்தால் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும். மூளையில் ரத்தம் கட்டியபோது எல்லாப் பேச்சையும் துடைத்துக்கொண்டு போய், ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்தது: ரைட். பசித்தால் ரைட். நனைந்தால் ரைட். டிவியில் சாவுச் செய்தி சொன்னால் ரைட். பெந்தெகொஸ்தே பாஸ்டர் வந்து தலையில் கைவைத்து முழங்கால் நோக ஜெபம் பண்ணி எழுந்தபோதும் ரைட் என்றார். பாஸ்டர் அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். இன்றைக்குக் காலையில் ஆறு மணிக்கு அவரைப் புரட்டித் துடைக்கும்போது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, துடைத்து முடித்த துணியிலேயே மறுபடி போய்விட்டார். தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கின உலுக்கலில் கட்டில் சுவரில் இடித்தது. "எனக்கு மட்டும் ஏன் சாவே வரமாட்டேங்கு, உமக்காச்சும் வந்து தொலையாதா" என்றாள். அவர் இடதுகண்ணால் பார்த்து, ரைட் என்றார். சமாதானமாகச் சொன்ன மாதிரி இருந்தது, டிக்கெட் கிழித்துக் கொடுத்த மாதிரி. இதே கைதானா, இங்கே வந்து ஊரான் தாடையைப் பூமாதிரி பிடிக்கிறது. ஊரிலே எல்லாரும், தங்கபுஷ்பம் சிஸ்டர்கிட்ட ஊசி போட்டா வலிக்காது என்கிறார்கள். கனிவு என்பது பால் பாக்கெட் மாதிரி ஒரு நாளைக்கு இத்தனை என்று அளந்து வருகிறதோ என்னவோ; அவளுடையதை முழுக்க அரசாங்கத்துக்கே ஊற்றிவிடுகிறாள், வீட்டுக்குக் காலி உறைதான் போகிறது. ஒன்றரைக்கு ஷிப்ட் முடியும். முடிந்ததும் ஓடிப்போய் அவருக்குக் கஞ்சி புகட்ட வேண்டும். அதுவரை அவர் ஈரத்திலேயே கிடப்பார். யாருக்கு யார் பை அழுத்துவது. நாளைக்கு தேவசகாயத்துக்கு மூச்சு நின்றால், இந்தப் பெண் அழுத்துகிற மாதிரி, கை வலிக்காமல், மில்லைப் பற்றிப் பேசிக்கொண்டு, தன்னால் அழுத்த முடியுமா. கை அழுத்தும். கைக்குப் பழக்கம். மனசு உள்ளுக்குள் எதை வேண்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். தெரிகிற இடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நினைப்பு வேலி கண்ட ஆடு மாதிரி திரும்பிக்கொண்டது. மெமோ. மெமோவைப் பற்றி நினை. சித்திரை மாதத்தில் ஒரு குடிகாரன் கொடுத்த புகாருக்கு வந்த மெமோ இன்னும் மேஜையில் இருக்கிறது. இன்னொரு புகார் வந்தால் மாற்றல், எங்காவது மலையடிவாரத்துக்கு என்று சூப்பரிண்டெண்ட் சொல்லிவிட்டாள். அங்கே தேவசகாயத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. போட்டுவிட்டும் போக முடியாது. ரைட்.

உள்ளபடியே சொல்லிவிடலாம். அம்மா, இவர் வரும்போதே இறந்துபோயிருந்தார். சொன்னால்? அப்படியானால் காலையில் சொன்ன வார்த்தை மில்லிலேயே, சொன்ன சூட்டோடு, பலித்துவிட்டது என்றாகும். எடுக்க நேரமே இல்லாமல். அதோடு போகாது, அப்படியானால் இவ்வளவு நேரம் என்னை எதற்கடி அழுத்தச் சொன்னாய் என்று கேட்பாளே. பிணத்தோடு பேச வைத்தாயே, கரண்டு பில்லைப் பற்றி. அதற்கு என்ன பதில். உனக்குக் கனிவு காட்டினேன் அம்மா என்றா. சரி, இப்போதுதான் போனார் என்று சொல்லலாம். டாக்டர் வந்து, நிறுத்துங்கள், போய்விட்டார் என்று சொல்லட்டும். ஆனால் பை அவள் கையில் இருக்கிறது. அவள் கைக்குள் போனதாகிவிடும். இன்னும் கொஞ்சம் நன்றாக அழுத்தியிருந்தால், பேசாமல் அழுத்தியிருந்தால் என்று ஆயுசுக்கும் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். வாயால் ஒரு தடவை, கையால் ஒரு தடவை என்று ஒரே நாளில் இரண்டு தடவை புருஷனைக் கொன்றவளாக மீதிக் காலத்தைத் தள்ளுவாள். தங்கபுஷ்பம் வாசலைப் பார்த்தாள். டாக்டர் வராந்தாக் கோடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் பாதி தெரிந்தார். போலீஸ்காரர்கள் எங்கேயோ பந்தோபஸ்தாம், வந்துகொண்டேயிருக்கிறார்களாம். வந்துகொண்டே. விரல்கள் மரத்துவிட்டன. தாடை இப்போது கொஞ்சம் இறுகிற்றோ, அல்லது தன் விரல்தான் இறுகிற்றோ. இன்னும் கொஞ்ச நேரம் போனால் முகமே சொல்லிவிடும், உதடு சொல்லிவிடும், யாரும் சொல்ல வேண்டாம். அது தேவலையா? அவளாகவே பார்த்துத் தெரிந்துகொள்வது, கையில் பையோடு, பேச்சின் நடுவே. கூடாது. அதைக் காட்டிலும் வேறு எதுவானாலும் தேவலை. வேறு எது? அந்த எதுவில் போய் நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது, தகரக் கதவில் முட்டின மாதிரி சத்தம்கூடக் கேட்டது அவளுக்கு.

"யக்கா!" என்றான் மந்திரம். "கோமதியம்மன் கோயில் துந்நூறு கொண்டாந்துட்டாவ. உள்ள விடமாட்டேங்காரு இந்த வாட்ச்மேன்." "வாரேம்லே." சுடலைவடிவு தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள். "சிஸ்டர், ஒரு நிமிசம் நீங்க புடிப்பீகளா? வாசல்லயே வாங்கிட்டு வந்துருதேன். நெத்தியில இட்டா முழிச்சிருவாரு. விட்டுறாம அழுத்துங்க, என்ன? என்னய மாரியே." "கொடுங்கம்மா." பை கைமாறிற்று. சூடாக இருந்தது, அந்தப் பெண்ணின் உள்ளங்கைச் சூடு. தங்கபுஷ்பம் ஒரு கையால் முகமூடியை அணைத்து, மறுகையால் அழுத்தினாள், நெஞ்சு ஏறிற்று. விட்டாள், இறங்கிற்று. சுடலைவடிவு போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது தடவை திரும்பவில்லை, வாட்ச்மேனைத் திட்டத் தொடங்கிவிட்டாள். அழுத்தினாள். விட்டாள். இப்போது என் கையில் இருக்கிறது என்று தங்கபுஷ்பம் நினைத்தாள். அந்த நினைப்பு வந்தபோது அதில் பெரிய மேன்மை ஒன்றும் இல்லை. விரல் வலித்தது, இட்லி தொண்டையில் நின்றது, ஒன்றரை மணி நெருங்கியிருந்தது, வீட்டில் ஈரத்தில் ஒருத்தர் கிடந்தார். இதில் எது எவ்வளவு பங்கு என்று பிற்பாடு யாராவது கேட்டால் அவளால் பிரித்துச் சொல்ல முடியாது. திட்டுவதற்கு அந்தப் பெண்ணுக்கு ஓர் ஆள் கிடைக்கட்டும். வாட்ச்மேனைத் திட்டும்போது எவ்வளவு தெம்பாக இருக்கிறாள் பார். தன்னைத் திட்டிக்கொள்வதற்கு அது எவ்வளவோ மேல். மெமோ வந்தால் வரட்டும், மலையடிவாரமாவது மண்ணாங்கட்டியாவது. ஒரு தடவை அழுத்தி, நெஞ்சு இறங்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு முகமூடியை எடுத்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது, மூடிவிட்டாள். பையைத் தலைமாட்டில் வைத்தாள். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள், பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தின பிள்ளை மாதிரி. சுடலைவடிவு உள்ளங்கையில் திருநீற்றைப் பொத்திக்கொண்டு திரும்பினவள், பாதி வழியில் நின்றாள். "ஏன் விட்டுட்டீக?" தங்கபுஷ்பத்தின் கையைப் பார்த்தாள். "ஏன் விட்டுட்டீகன்னு கேக்கேன். அழுத்துங்க சிஸ்டர். எறங்கிட்டு பாருங்க, அழுத்துங்க." ஓடி வந்து பையை எடுத்து, முகமூடியை முகத்தில் வைக்காமலே அழுத்தினாள், காற்று புஸ்ஸென்று திருநீற்றைத்தான் ஊதிவிட்டது. "போயிட்டாரும்மா" என்றாள் தங்கபுஷ்பம். "எப்போ? நான் புடிச்சிருக்கப்போ இருந்தாரே. நான் புடிச்சிருக்கப்போ நல்லா ஏறிச்சே. ஓங் கையில தந்தப்போதான..." "ஆமாம்மா. என் கையிலதான் போச்சு."

கன்னத்தில் அறை விழுந்தது. மில்லுக்காரி கை, காது அடைத்துக்கொண்டு, கண்ணில் போஸ்டர்க்காரியின் பல் வரிசை மட்டும் ஒரு கணம் மிதந்தது. மந்திரம் வாட்ச்மேனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான், அவன் பின்னால் நாலைந்து செல்போன்கள் வந்தன. "கொன்னுட்டாடே, எங்க மச்சான இந்தப் பொம்பள கொன்னுட்டா. ஏறிக்கிட்டிருந்த மூச்ச நிறுத்திட்டா. வெளிய எத்தன பேரு பாத்தோம்!" சற்று நேரத்தில் டாக்டரும் வந்தார், கூட இரண்டு போலீஸ்காரர்களும், எல்லாம் முடிந்த பிறகு வருவதற்குரிய கம்பீரத்தோடு. டாக்டர் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார், வாயைத் திறந்தார். அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அவர் உடனே மூடிக்கொண்டார். ரொம்ப வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. கன்னம் எரிந்தது. அவள் சுவரோடு சாய்ந்து நின்று சுடலைவடிவின் அழுகைக்குக் காதைக் கொடுத்தாள், ஒரு காதைத்தான், மற்றதில் இன்னும் இரைச்சல். இழவுப் பாட்டு மெல்ல ராகம் பிடித்தது. மாவு மில் வந்தது, மோட்டார் வந்தது, முகூர்த்தப் பட்டு வந்தது. காலையில் சொன்ன வார்த்தை வரவில்லை. வராது, நல்லது, வேறிடத்தில் பாய வேண்டிய வெள்ளத்தை இந்தப் பக்கம் வெட்டிவிட்டாயிற்று என்று தங்கபுஷ்பம் மூச்சை விடப் போன சமயம், அந்த ராகம் ஒரு சொல்லில் வந்து மாட்டிக்கொண்டு அங்கேயே சுழன்றது. "கொடுத்தேனே. நான் கொடுத்தேனே. ஏறி நின்ன உசுர எறக்கிக் கொடுத்தேனே. பாவி கையில பையத் தூக்கி நானே கொடுத்தேனே." தங்கபுஷ்பம் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்திருந்தாள், மெமோவை, மாற்றலை, அறையைக்கூட எண்ணிப் பார்த்திருந்தாள், கொடுத்தது யார் என்பதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. சுவரைவிட்டு நகர்ந்தாள். "ஏட்டீ, பக்கத்துல வராத" என்று மந்திரம் கையை ஓங்கினான். அவனைத் தாண்டிப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "அம்மா, இங்க பாருங்க. என் கையில போகலை. உங்க கையிலயும் போகலை. கொண்டுவரும்போதே உயிர் இல்லை. மில்லுலயே போயிட்டாரு. டாக்டரைக் கேளுங்க. நான்தான் உங்களைச் சும்மா அழுத்தச் சொன்னேன்." சுடலைவடிவு அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். மூக்கைச் சேலையில் துடைத்தாள். "போலீஸ் வந்ததும் மாத்துதியாக்கும்?" என்றாள், குரலில் ஈரமே இல்லாமல். "இல்லம்மா, சத்தியமா..." "ஏறி எறங்குச்சு. எங் கண்ணு பாத்துச்சு. நல்லா அழுத்துங்க, காத்து உள்ள போகுதுன்னு நீதானட்டீ சொன்ன? சும்மா ஏறுமா? செத்த நெஞ்சு ஏறுமா?" "தப்பிக்கப் பாக்கா" என்றான் மந்திரம். டாக்டர் போலீஸ்காரரிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. சுடலைவடிவு புருஷன் பக்கம் திரும்பிக்கொண்டாள். ராகம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, கொடுத்தேனே, கொடுத்தேனே என்று. இடதுகை அவர் நெஞ்சின் மேல் கிடந்தது, வலதுகை மட்டும், அவளுக்கே தெரியாமல், சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்து அழுத்திற்று, விட்டது, அழுத்திற்று, விட்டது, ஒரே சீராக, தங்கபுஷ்பம் சொல்லிக்கொடுத்தபடி.